இரண்டாம் மிதியில் பிடிக்கும் பிறேக்

எமது நிலையத்தின் வானை ஓட்டும் அண்ணை முப்பது வருடத்துக்கு மேலாகச் சாரதியாக இருப்பவர். ஒருநாள் அவரிடம், "பிறேக் கொஞ்சம் இறங்கிப் பிடிக்கிறது போலக் கிடக்கு, என்ன அண்ணை?" என்று கேட்டோம். "அது ஒண்டுமில்லை. ரெண்டு தரம் அமத்தினால் பிடிக்கும். பயப்பிடாதேங்கோ" என்றார். நாமும் பயப்படவில்லை. அந்த ஒரு பதிலை நம்பி ஏறத்தாழ மூன்று மாதம் அதே வானில் முன்பள்ளிப் பிள்ளைகளையும், கிளினிக்குக்குப் போகும் தாய்மாரையும், சந்தைக்குப் போகும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றி இறக்கினோம்.

வன்னியில் எமது வீதிகள் மட்டமானவை. மாடு குறுக்கே வந்தால் ஒழிய பிறேக்குக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. ஆகவே குறை இருந்தும் அது வெளியே தெரியவில்லை. 2023 ஆம் ஆண்டு நுவரெலியாவில் ஒரு பயிற்சி முடித்து ஒன்பது பேராகத் திரும்பி வருகையில்தான் தெரிந்தது. றம்பொடைக்கு மேலேயுள்ள வளைவுகளில் மூன்றாம் கியரில், பிறேக்கில் கால் வைத்தபடியே வான் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஏதோ கருகும் மணம் வந்தது. பிறகு பெடல் மெத்தையை மிதிப்பது போல மெத்தென்று போயிற்று. அண்ணை வழக்கம் போல இரண்டாம் தரம் அமத்தினார், மூன்றாம் தரமும் அமத்தினார். பெடல் தரையில் போய் நின்றது.

அவருடைய நிதானம்தான் எம்மைக் காப்பாற்றியது. கியரை இரண்டுக்கும் பின்னர் ஒன்றுக்கும் இறக்கி, ஹான்ட் பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வானின் சில்லை மலைப்பக்கத்து வாய்க்காலுக்குள் விட்டு நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. அரை மணி நேரம் கல்லின் மேல் குந்தியிருந்துவிட்டு வந்து மிதித்துப் பார்த்தால், பிறேக் தானாகவே திரும்பி வந்திருந்தது! "இனிப் போகலாம்" என்று எம்மில் இருவர் சொன்னார்கள். அன்று அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருப்போமோ தெரியாது. வானை ஒரு லொறியில் ஏற்றிக் கீழே இறக்கினோம்.

வாகனம் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் கிராமங்களில் இருப்பவர்கள். நல்ல கராஜ் ஒன்றுக்குப் போக நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் ஓடவேண்டியவர்களும் உண்டு. 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் எம்மிடையே ஓடிய வாகனங்களுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. ஆகவே இந்தக் குறையை அறிந்துகொள்வதும், அது எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்பதும் எல்லோருக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

திரவமும் காற்றும்

பிறேக் பெடலை மிதிக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்ரன் தள்ளப்படுகின்றது. அதன் முன்னாலுள்ள பிறேக் ஓயில் குழாய்களின் வழியே சில்லுகளுக்குச் சென்று, அங்குள்ள பிஸ்ரன்களைத் தள்ளுகின்றது. ஓயில் என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது எண்ணெய் அல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்வோம். இங்கே கவனிக்க வேண்டியது, திரவத்தை அமத்தினால் அது சுருங்காது; காற்றை அமத்தினால் சுருங்கும் என்பதே.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஊசி கழற்றிய சிறிஞ் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, வாயை விரலால் இறுக அடைத்துத் தள்ளுங்கள். அசையாது. தண்ணீரை வெளியே விட்டுக் காற்றை நிரப்பித் தள்ளுங்கள். பாதிவரை போய்த் திரும்பி வரும். மூன்றாவதாக, தண்ணீரோடு ஒரு சிறு குமிழியையும் விட்டுத் தள்ளுங்கள். விரலுக்குத் தெரியும் அந்த மெத்தென்ற உணர்வுதான் எமது வானின் பெடலில் அண்ணையின் காலுக்குத் தெரிந்த உணர்வு.

ஒரு குமிழி அவ்வளவு கெடுதல் செய்யுமா என்று கேட்கலாம். சிறிய வாகனங்களில் பெடலை ஒரு தரம் முழுதாக மிதித்தால் மாஸ்ரர் சிலிண்டர் தள்ளிவிடும் திரவம் இரண்டு, மூன்று தேக்கரண்டி அளவுதான். நான்கு சில்லுகளையும் பிடித்து நிறுத்துவது அவ்வளவே. அதில் ஒரு பங்கு காற்றைச் சுருக்குவதிலேயே செலவழிந்தால் சில்லுக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாம் தரம் மிதித்தால் ஏன் பிடிக்கின்றது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கின்றது. காலைச் சட்டென எடுத்து மீண்டும் மிதிக்கும்போது, சில்லிலுள்ள பிஸ்ரன்கள் முற்றாகத் திரும்பிவர முன்னரே மாஸ்ரர் சிலிண்டர் மேலேயுள்ள கிண்ணத்திலிருந்து புதிதாகத் திரவத்தை எடுத்துக்கொள்கின்றது. கூடுதல் திரவம் உள்ளே போவதால் காற்று முன்னரே நெரிக்கப்பட்டு விடுகின்றது. குறை போகவில்லை, ஒரு கணம் மறைக்கப்பட்டிருக்கின்றது. பிள்ளையொன்று வீதிக்கு ஓடிவரும்போது இரண்டாம் மிதிக்கு நேரம் இருக்காது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வான் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும்.

காலால் கண்டறிதல்

சாவி, ஸ்பனர் எடுக்க முன்னர் காலாலேயே அதிகம் அறியலாம். வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, என்ஜினை நிறுத்துங்கள். பெடலை ஐந்தாறு தரம் மிதித்து விடுங்கள். பிறேக்குக்கு வலுவூட்டும் வக்கும் பூஸ்ரர் உள்ள வாகனங்களில் அதற்குள் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இதனால் தீர்ந்துவிடும். அதன் பின்னர் பெடல் கல்லைப் போல் நிற்க வேண்டும்.

(சிலர் என்ஜினை இயக்கியதும் பெடல் சற்றுக் கீழே இறங்குவதைக் கண்டு பிறேக் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். காலை அமத்தி வைத்துக்கொண்டு என்ஜினை இயக்கும்போது பெடல் சிறிது இறங்கினால் பூஸ்ரர் வேலை செய்கின்றது என்றே பொருள். இறங்காவிட்டால்தான் அதைப் பார்க்க வேண்டும்.)

என்ஜின் நின்ற நிலையில் பெடல் சுருள்வில்லைப் போல் மெத்தென்று போய், தொடர்ந்து மிதிக்க மிதிக்க மேலே வந்து இறுகுமானால் உள்ளே காற்று இருக்கின்றது. பெடல் வெகுதூரம் கீழே போகின்றது, ஆனால் பிடிக்கும் இடத்தில் கல்லைப் போல் பிடிக்கின்றது என்றால் அது வேறு. பெரும்பாலும் பின் சில்லு ட்றமுக்குள் இருக்கும் பிறேக் சூ தேய்ந்து, ட்றமுக்கும் லைனிங்குக்கும் இடைவெளி கூடியிருக்கும். அப்படியானால் ஹான்ட் பிறேக்கும் பல பற்கள் மேலே இழுத்த பிறகே பிடிக்கும். அங்கே எயார் எடுப்பதில் பயனில்லை. சூவை நெருக்கி வைக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் காசைச் செலவழித்தவர்கள் பலர்.

மூன்றாவது, பெடலை ஒரே அளவான பாரத்துடன் ஒரு நிமிடம் மிதித்து வைத்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கிப் போனால் எங்கோ திரவம் கசிகின்றது. வெளியே எங்கும் ஈரமில்லை, கிண்ணத்தில் மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் வாசர் தேய்ந்து, திரவம் அதைத் தாண்டிப் பின்னே வழிகின்றது. இது மிகவும் ஆபத்தான நிலை. ஏனெனில் பலமாகச் சட்டென மிதித்தால் பிடித்துவிடும். மெதுவாக மிதித்தால்தான் தெரியும்.

நான்காவது, எமக்கு நேர்ந்தது. மட்டமான வீதியில் ஓரளவுக்குப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் மெத்தென்று போகும். ஆறவிட்டால் திரும்பி வரும். ஆறியதும் சரியாகிவிட்டது என்று எண்ண வைப்பதால் இது எல்லாவற்றிலும் பொல்லாதது. இதற்குக் காரணம் திரவத்துக்குள் இருக்கும் தண்ணீர்.

தண்ணீர் எப்படி வந்தது?

இன்று பெரும்பாலான வாகனங்களுக்கு ஊற்றப்படும் பிறேக் திரவம் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. போத்தலில் டொட் 3, டொட் 4 என்று எழுதியிருப்பார்கள். உப்பு எப்படிக் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக் கசியுமோ, அப்படியே இதுவும் ஈரத்தை உறிஞ்சும். கிண்ணத்தின் மூடியிலுள்ள சிறு துவாரத்தாலும், றப்பர் ஹோஸ்களின் சுவராலும் கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகின்றது. இதைத் தடுக்க முடியாது. காலத்துக்குக் காலம் மாற்றத்தான் வேண்டும்.

புதிய டொட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது நியமம். அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த பின்னர் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. டொட் 4 புதிதாக இருக்கையில் 230, ஈரம் சேர்ந்தபின் 155. இறக்கத்தில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரும் டிஸ்க்கின் சூடு பாட் வழியாகப் பிஸ்ரனுக்கும், பிஸ்ரன் வழியாகத் திரவத்துக்கும் போகின்றது. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். பெடல் தரையில் போய் நிற்கும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும்; பெடல் திரும்பி வரும்.

எவ்வளவு சூடு என்று நாம் ஒரு கணக்குப் பார்த்தோம். ஒன்பது பேருடன் வானின் எடை ஏறத்தாழ இரண்டு தொன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கின்றது. கம்பளை 500 மீற்றருக்குக் குறைவு. இரண்டு தொன் எடை 1,300 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஏறத்தாழ 80 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! என்ஜினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சாரதி சிறிய கியரில் இறங்கினால் என்ஜினின் பங்கு கூடும். மூன்றாம் கியரில் பிறேக்கை மிதித்தபடி இறங்கினால் மிச்சம் முழுவதும் நான்கு சில்லுகளின் தலையில். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்கவேண்டும் என்று மலைநாட்டுச் சாரதிமார் சொல்வதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கியது.

இங்கே எமது குற்றத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னர் வான் கராஜுக்குப் போனபோது, காசை மிச்சம் பிடிப்பதற்காக எமது களஞ்சிய அறையில் பாதி மிஞ்சியிருந்த பிறேக் ஓயில் போத்தலை நாமே கொடுத்தனுப்பினோம். அது திறந்து ஒரு வருடத்துக்கு மேல். மூடியும் சரியாக இறுக்கப்பட்டிருக்கவில்லை. அலுமாரியில் இருந்தபடியே அது தண்ணீர் குடித்திருந்தது. திறந்த போத்தலில் மிஞ்சியதை வைத்திருப்பதில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே சிறிய போத்தலாக வாங்குங்கள்.

இன்னொன்று. கிடைப்பதைக் கொண்டு சமாளிப்பதில் எமது மக்கள் கெட்டிக்காரர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தைப் பிறேக்கில் காட்டக்கூடாது. என்ஜின் ஓயில், கியர் ஓயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு துளிகூடப் பிறேக் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. பிறேக்கின் உள்ளே இருக்கும் றப்பர் வாசர்கள் கனிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். அப்படி நடந்தால் திரவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து சில்லு வரை எல்லா றப்பரையும் மாற்ற வேண்டி வரும். ஓயில் ஊற்றிய புனலைக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

காற்று எங்கிருந்து வந்தது?

கராஜில் எயார் எடுத்தார்கள், இரண்டு கிழமையில் பழையபடி மெத்தென்று போய்விட்டது என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறோம். காற்று உள்ளே போன வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் வேறு என்ன நடக்கும்?

முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். மட்டம் சிறிது சிறிதாகக் குறைவது பாட் தேய்வதாலும் நடக்கும், அதில் அச்சமில்லை. நிரப்பி ஒரு மாதத்துக்குள் மீண்டும் குறைந்தால் கசிவு இருக்கின்றது. சில்லுகளின் உட்பக்கம், ரயரின் உட்சுவர், ட்றமின் கீழ் விளிம்பு, ஹோஸ் பூட்டும் இடங்கள் எல்லாவற்றையும் ரோச் லைட் அடித்துப் பாருங்கள். சாரதியின் காலடியில், பெடலின் தண்டு உள்ளே போகும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். அதில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே மறைந்து கிடக்கின்றது. கம்பளத்தை எடுத்துத் தகட்டைக் கழற்றினால்தான் ஓயில் மட்டமே தெரியும். கண்ணில் படாதது கவனத்திலும் படுவதில்லை.

ட்றமைக் கழற்றினால், வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள தூசு றப்பரை மெல்ல உயர்த்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வாசர் போய்விட்டது. வெளியே சொட்டாவிட்டாலும், காலை எடுக்கும்போது அந்த வழியால் காற்று உள்ளே போகலாம். திரவம் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீண்டும் போடுபவர்கள் உண்டு. அது திரும்பவும் வழுக்கும், வான் ஒரு பக்கம் இழுக்கும். மாற்றவே வேண்டும், இரு பக்கமும் சோடியாக. அங்குள்ள தூசை வாயால் ஊத வேண்டாம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

றப்பர் ஹோஸ்களை ஒருவர் கையால் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெடலைப் பலமாக மிதிக்க வேண்டும். ஹோஸ் உப்பினால் காற்று இல்லாமலே பெடல் மெத்தென்று போகும். எந்தச் சில்லில் குறை என்று தெரியாவிட்டால், ஹோஸை நெரிப்பதற்கென்றே விற்கும் மொட்டையான கிளாம்பினால் ஒவ்வொரு ஹோஸாக நெரித்துப் பெடலை மிதித்துப் பார்க்கலாம். எதை நெரிக்கும்போது பெடல் இறுகுகின்றதோ அதற்கு அப்பால்தான் குறை. குறட்டினால் நெரித்தால் ஹோஸின் உட்சுவர் வெடித்துவிடும். அந்தச் சோதனையே புதிய குறையாகிவிடும்.

எமது வானில் இவை ஒன்றும் இல்லை. கசிவில்லை, ஹோஸ் உப்பவில்லை. ஊருக்குக் கொண்டுவந்த பின்னர் கராஜ்காரர் மீண்டும் புதிய திரவம் ஊற்றி எயார் எடுத்தார். பெடல் இன்னும் மெத்தெனவே இருந்தது. "பழைய வாகனம், இது இப்பிடித்தான்" என்ற முடிவும் வந்தது. கடைசியில் எமது பகுதியில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. முன் சில்லின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பிமார், காத்து மேலை போகுமோ, கீழை போகுமோ?" என்று கேட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னர் முன் பிறேக்கின் இரண்டு கலிப்பர்களையும் கழற்றி, பாவித்த வேறு சோடி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். வலப்பக்கத்தது இடப்பக்கத்திலும், இடப்பக்கத்தது வலப்பக்கத்திலும் பூட்டுப்பட்டிருந்தது. ஆணிகள் சரியாகவே பொருந்தும். ஆனால் எயார் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டியது கீழே வந்துவிடும். கலிப்பரின் மேற்பகுதியில் நிற்கும் காற்று, கீழேயுள்ள நிப்பிளால் எவ்வளவு திரவம் பாய்ந்தாலும் வெளியே வராது. கராஜில் எயார் எடுத்த ஒவ்வொரு தரமும் சுத்தமான திரவமே வந்தது. அவர்களும் முடிந்துவிட்டது என்றே நம்பினார்கள். பக்கம் மாற்றிப் பூட்டிய அன்றே பெடல் இறுகிவிட்டது. இரண்டு ஆணி, ஒரு மணி நேர வேலை.

எயார் எடுக்கும் முறை

இதற்கு இரண்டு பேர் தேவை. புதிய திரவம், நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் றிங் ஸ்பனர் (ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர்), உள்ளே தெரியக்கூடிய சிறு குழாய், ஒரு போத்தல், கந்தல் துணி, ஒரு வாளி தண்ணீர் என்பன போதும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாய் நன்றாகப் பொருந்தும். திரவம் வாகனத்தின் பெயின்றை உரித்துவிடும். பட்ட இடத்தைத் துடைக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்குவது பொதுவான வழக்கம். எமது வலப்பக்கச் சுக்கான் வாகனங்களில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். பிறேக் வழிகள் குறுக்காகப் பிரிக்கப்பட்ட சில வாகனங்களில் ஒழுங்கு வேறு. கைந்நூல் இருந்தால் அதன்படி செய்யுங்கள். கிண்ணத்தின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்த பின்னரே திறவுங்கள். துருப்பிடித்த நிப்பிளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் சிறிது விடுங்கள். வலிந்து திருகி முறித்தால் செலவு பெருகும்.

வாகனத்தை ஜக்கில் மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். உறுதியான தாங்கியோ மரக்குற்றியோ வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சில் பாரத்துக்கேற்பப் பிறேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வான், பிக்கப் வகைகளில் சில்லுகள் தொங்கினால் அந்த வால்வு வழியை அடைத்துவிடும். அவற்றில் பாரம் அச்சின் மேல் இருக்கும்படி வைத்துத்தான் பின் சில்லுக்கு எயார் எடுக்க வேண்டும்.

குழாயை நிப்பிளில் செருகி, மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்தி வையுங்கள். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்து, "பிடிச்சிருக்கிறன்" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க, திரவமும் குமிழியும் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பின்னர், "விடு" என்று சொன்னதும்தான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். மூட முன்னர் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். இந்த இரண்டு சொற்களில்தான் வேலை முழுவதும் தங்கியிருக்கின்றது. ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கும் இருவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

அவசரமாகப் படபடவென்று மிதிக்க வேண்டாம். பெரிய குமிழி நுரையாக உடைந்து போனால் வெளியே எடுப்பது கடினம். பழைய வாகனமானால் பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்து, பெடல் தரை வரை போகாமல் தடுத்துக்கொள்ளுங்கள். வழமையாகப் பிஸ்ரன் ஓடாத இடத்தில் சிலிண்டருக்குள் துருவும் அழுக்கும் இருக்கும். வாசர் அதற்கு மேல் உரசினால் கிழிந்துவிடும். எயார் எடுக்கப் போய் மாஸ்ரர் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்டவர்களின் கதை இதுதான்.

ஐந்தாறு மிதிக்கு ஒரு தரம் கிண்ணத்தைப் பார்த்து நிரப்புங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமிழி நின்ற பின்னும் பழைய மண்ணிறம் போய்ப் புதிய திரவத்தின் நிறம் வரும் வரை விடுங்கள். எமது வானில் முதலில் வந்தது பிளேன்ரீயின் நிறம். வெளியே எடுத்த திரவத்தை மீண்டும் ஊற்றக் கூடாது. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டாமல், பிள்ளைகள் எடுக்க முடியாதபடி மூடி வைத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், ஆடு குடிக்கவும் கூடும், அது நஞ்சு.

முடிந்தபின் என்ஜினை இயக்கி, பெடலைப் பலமாக அரை நிமிடம் மிதித்து வைத்து, எல்லா நிப்பிளையும் மீண்டும் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அதன் பின்னரே வீதிக்கு.

ஏபிஎஸ் பொருத்திய வாகனங்களில் அதன் பெட்டிக்குள் காற்றுப் போயிருந்தால் இந்த முறையால் வெளியே வராமலும் போகலாம். கணினிக் கருவி வேண்டும். இன்று எம்மிடையே அதிகமாக ஓடும் ஹைபிறிட் கார்களில் பிறேக் திரவத்தை மின்பம்பு உயர் அமுக்கத்தில் வைத்திருக்கின்றது. அதில் கை வைக்காமல் அந்தத் தொழில் தெரிந்தவர்களிடமே விடுங்கள். ஏனைய வாகனங்களிலும் மாஸ்ரர் சிலிண்டர் கழற்றும் வேலையை முதல் முறையாகத் தனியே செய்து பார்ப்பது உகந்ததல்ல.

இப்போது எமது வானின் பிறேக் கிண்ணத்து மூடியில் திரவம் மாற்றிய திகதியை எழுதி ஒட்டியிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழுதாக மாற்றுவதென்று தீர்மானம். 2025 ஆம் ஆண்டு மாற்றியபோது பழைய திரவம் சிறிதே நிறம் மாறியிருந்தது. பெடல் முதல் மிதியிலேயே பிடிக்கின்றது. அண்ணை மட்டும் பழைய பழக்கத்தில் இன்னும் இரண்டு தரம் அமத்துகிறார். பின்னால் இருப்பவர்கள்தான் முன் சீற்றில் முட்டிக்கொள்கிறார்கள்.